ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி பேசணும்: எங்க ஊர் சந்தை அனுபவம்

நம்ம குமரி மாவட்டத்துல இப்போ எந்தப் பக்கம் போனாலும் பழைய சந்தைய இடிச்சு புதுசா கட்டுறோம், பஸ் ஸ்டாண்ட விரிவாக்குறோம், குளத்தங்கரையில நடைபாதை போடுறோம்னு ஒரு போர்டு நிக்குது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நிதிக்குழு மானியம், அது இதுன்னு ஏதோ ஒரு தலைப்புல பணம் வருது. நல்ல விஷயம்தான், வரட்டும். ஆனா அந்தப் பணத்துல என்ன கட்டுறாங்க, யாருக்குக் கட்டுறாங்கங்கிறத அந்த இடத்துல தினமும் நிக்கிற ஆளுங்ககிட்ட கேக்காம விட்டா பத்து வருஷம் கழிச்சு அந்தக் கட்டடம் பூட்டிக் கெடக்கும், ஆளுங்க ரோட்டோரத்துல விப்பாங்க. இதுக்கு உதாரணம் ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஊர்லயே தெரியும்.

நான் கல்குளம் தாலுகாவுல ஒரு பேரூராட்சியில சந்தைக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஊர் பேரு வேண்டாம், அங்க வேலை பாக்கிறவங்களும் கவுன்சிலருங்களும் தினமும் முகம் பாக்கிற ஆளுங்க. பட்டா, பத்திரம், மனு, தீர்வை ரசீது எல்லாம் என் மெஷின் வழியாதான் போகும், அதனால ஆபீஸ்ல எந்தப் பேப்பர் எந்த டேபிள்ல நிக்கும்ங்கிறது கொஞ்சம் பழகிப் போச்சு. எங்க சந்தை விஷயத்துல நாங்க என்ன செஞ்சோம், எது வேலை செஞ்சுது, எது செய்யலங்கிறத எழுதுறேன், வேற ஊர்க்காரங்களுக்கு உதவும்.

முதல்ல சந்தைய பத்தி. வாரத்துல ரெண்டு நாள் கூடும். மரச்சீனி கிழங்கு, நேந்திரங்காய், மட்டிப்பழம், சேனை, காச்சில் இதெல்லாம் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு மூணு பக்கத்துலேருந்தும் மீன் வரும், விக்கிறது பெரும்பாலும் கடக்கரையில இருந்து வர்ற அம்மாமாரும் அக்காமாரும்தான். கூரை பாதி இடத்துல இல்ல, நம்ம மாவட்டத்துக்கு ஆனியிலயும் மழை ஐப்பசியிலயும் மழை, ரெண்டு பருவமும் பெய்யும், அப்போ தரை முழுக்க சேறும் மீன் தண்ணியுமா கெடக்கும். கக்கூஸ் ஒண்ணு உண்டு, கதவு கிடையாது. காலையில அஞ்சு மணிக்கு பாத்திரத்தோட வர்ற பொம்பளைங்க மத்தியானம் வரைக்கும் அடக்கிட்டு இருக்கணும். அதனால புதுசா கட்டுறாங்கன்னு கேட்டப்போ ஒருத்தரும் எதிர்க்கல, சந்தோஷம்தான் பட்டாங்க.

நியூஸ் எப்படி வந்துதுன்னா, டீக்கடையில. மன்றக் கூட்டத்துல தீர்மானம் ஆயாச்சு, ரெண்டு மாடி, மேல கடை, கீழ சந்தை, இத்தனை கோடி, அவ்வளவுதான். யாருக்கு எத்தனை அடி இடம், இடிச்சு கட்டுற காலத்துல எங்க விக்கிறது, முடிஞ்ச பிறகு பழைய ஆளுங்களுக்கே இடம் கிடைக்குமா, இல்ல ஏலத்துல எடுத்தவனுக்கா, இது எதுக்கும் யார்கிட்டயும் பதில் இல்ல. வதந்தி மட்டும் நிறைய. மீன் சந்தையே வேற இடத்துக்குப் போகுதுன்னு ஒருத்தர் சொல்லுவார், வெளியூர் ஆளுக்கு மொத்தமா கொடுத்தாச்சுன்னு இன்னொருத்தர் சொல்லுவார். ரெண்டு மூணு பேர் மறியல் பண்ணலாம்னு சொன்னாங்க. நான் சொன்னது, முதல்ல பேப்பர பாப்போம், பேப்பர் பாக்காம ரோட்டுல உக்காந்தா என்ன வேணும்னு கேக்கிறவனுக்கு நம்மால பதில் சொல்ல முடியாது.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, பொதுவா இந்த வேலைங்க ஒரு வரிசையில நடக்கும். மன்றத் தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, அப்புறம் டெண்டர், அப்புறம் ஒர்க் ஆர்டர். டெண்டர் போகாத வரைக்கும் டிராயிங்க மாத்துறது ஒரு இன்ஜினியருக்கு கொஞ்ச நாள் வேலை. டெண்டர் போய் ஒர்க் ஆர்டரும் கொடுத்தாச்சுன்னா ஒரு சுவர நகத்துறதுக்குக் கூட திருத்திய மதிப்பீடு, மேலிட அனுமதின்னு இழுக்கும், காண்ட்ராக்டர் ஒத்துக்க மாட்டார், அதிகாரியும் கையெழுத்துப் போட பயப்படுவார். எங்க ஊர்ல மதிப்பீடு போட்டுட்டு இருந்தாங்க, அதனாலதான் எங்களுக்கு நேரம் இருந்துது. அதிர்ஷ்டம்னு வேணாலும் சொல்லிக்கோங்க.

தீர்மான நகல் கேட்டு முதல்ல ஆபீஸ்ல வாயால கேட்டோம், நாளைக்கு வாங்கன்னாங்க, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டோம். 2005ல வந்த சட்டம், 10 ரூபாய்க்கு கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதணும், 30 நாள்ல பதில் தரணும், தரலன்னா இல்ல தந்த பதில் சரியில்லன்னா முதல் மேல்முறையீடு உண்டு. கேள்விய எப்படி எழுதுறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. "சந்தை ஏன் இடிக்கப்படுகிறது"ன்னு எழுதினா பதில் வராது, ஏன்ங்கிறது தகவல் ஆகாதுன்னு திருப்பி விட்டுருவாங்க. "சந்தை மேம்பாடு குறித்த மன்றத் தீர்மானத்தின் நகல், வரைபடத்தின் நகல், மதிப்பீட்டுச் சுருக்கத்தின் நகல்"னு ஆவணத்தோட பேரச் சொல்லிக் கேக்கணும். மனு போட்டதுமே எங்க வார்டு கவுன்சிலர் கடைக்கு வந்து, "எதுக்கு அக்கா இதெல்லாம், என்கிட்ட கேட்டா தரமாட்டேனா"ன்னு டிராயிங் நகல அவரே கொண்டுவந்து தந்தார். அவர குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அன்னைக்குதான் அந்த டிராயிங்க முழுசா பாக்க நேரம் கிடைச்சிருக்கும். 2016ல பதவிக்காலம் முடிஞ்சதுலேருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் நம்ம பேரூராட்சிகள்ல தேர்ந்தெடுத்த கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். அந்த அஞ்சு வருஷத்துக்கு மேல உள்ள இடைவெளியில மக்ககிட்ட கேட்டுட்டுச் செய்ற பழக்கமே விட்டுப் போச்சு.

டிராயிங்க பெருசாக்கி கடை வாசல்ல ஒட்டினேன். எல்லாரும் வந்து பாத்தாங்க, தலைய ஆட்டுனாங்க, போனாங்க. எனக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, யாருக்கும் அது மனசுல ஏறல. மீட்டர் கணக்குல நீலக் கோடு போட்டு வச்சா தினமும் தரையில உக்காந்து விக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும். அப்போ எங்க தெருவுல கட்டட வேலைக்குப் போற ஒரு அண்ணன் ஒரு யோசனை சொன்னார், சந்தை கூடாத நாள்ல அந்தத் தரையிலயே வரைஞ்சு காட்டுவோம்னு. வாலிபால் கோர்ட்டுக்குப் போடுற மாதிரி சுண்ணாம்புப் பொடி, ஒரு டேப், ஒரு கயிறு. கீழ்த்தளத்த அப்படியே முழு அளவுல சந்தைத் தரையில கோடு போட்டோம். மீன் மேடை இது, நடைவழி இது, படி இது, கக்கூஸ் இதுன்னு.

அன்னைக்கு நடந்தது எனக்கு மறக்காது. மீன் விக்கிற ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், அவங்களுக்கு ஒதுக்கின கட்டத்துக்குள்ள போய் உக்காந்து பாத்தாங்க. முன்னால அலுமினியப் பாத்திரம், பக்கத்துல அரிவாமணை, பின்னால ஐஸ் பெட்டி, தண்ணி வாளி. கால் முட்டு ரெண்டும் கோட்டுக்கு வெளிய வந்துட்டு. "மக்களே, ஐஸ் பெட்டிய நான் தலையிலயா வச்சுக்கிட்டு இருக்கணும்"னாங்க. அப்புறம் மேடை எத்தனை அடி உசரம்னு கேட்டாங்க. டிராயிங்ல பாத்தா மூணு அடி. "அப்போ நின்னுட்டே விக்கணுமா, இல்ல மேல ஏறி இருக்கணுமா? ஏறுனா யாரு எறக்கி விடுவா?" அந்தக் கேள்விக்கு டிராயிங்ல பதில் இல்ல. வரைஞ்ச ஆள் கெட்டவர் இல்ல, எங்கயோ ஒரு சூப்பர் மார்க்கெட் மாடல மனசுல வச்சு வரைஞ்சிருப்பார். இங்க உக்காந்து விக்கிறாங்க, வாங்குறவங்க குனிஞ்சு செவுள தூக்கிப் பாத்து வாங்குறாங்கங்கிறது அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

கிழங்கு வியாபாரி ஒருத்தர் இன்னொண்ணு கண்டுபிடிச்சார், நடைவழி நாலு அடிதான், லோடு எறக்குற வண்டி உள்ள வராது, ரோட்டுல நிறுத்தி தலைச்சுமையா கொண்டு வரணும், கூலி யாரு கொடுப்பான்னு. மேல மாடிக்கு காய்கறிய மாத்தலாம்னு ஒரு பேச்சு இருந்துது, அதுக்கு சாய்தளமே இல்ல, படி மட்டும்தான். மாடி ஏறி யாரும் காய்கறி வாங்க மாட்டாங்க, இத நான் அடிச்சுச் சொல்லுவேன். இதையெல்லாம் அங்கேயே ஒரு நோட்டுல எழுதினோம், அடி அளவோட. மேடை உசரம் ஒன்றரை அடி, ஒரு ஆளுக்கு இத்தனை அடிக்கு இத்தனை அடி, நடுவழி எட்டு அடி, கக்கூஸ் பொம்பளைங்களுக்குத் தனி, அதுவும் மீன் பக்கத்துலயே, அப்படி. ஒரு பக்கம்தான் வந்துது. ஆனா அந்த ஒரு பக்கம் பத்து மறியலுக்குச் சமம்னு எனக்குப் பின்னால தெரிஞ்சுது, ஏன்னா அத ஒரு இன்ஜினியர் அப்படியே எடுத்துத் திருத்தலாம், வியாக்கியானம் தேவையில்ல.

இத எங்க கொடுக்கிறது? கிராமத்துக்கு கிராம சபை இருக்கிற மாதிரி நகர்ப்புறத்துக்கும் இப்போ பகுதி சபா இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. 2022ல விதி வந்துது, அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்துல முதல் தடவையா நடத்துனாங்க. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 இந்த நாலு நாள்லயும் நடத்தணும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாத்துக்கும் பொருந்தும். எங்க வார்டுல முன்னால நடந்ததுக்கு பத்துப் பதினஞ்சு பேர்தான் வருவாங்க, தெருவிளக்கு எரியல, குப்பை எடுக்கலன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போவாங்க. அதுவும் தேவைதான். ஆனா இந்தத் தடவை வியாபாரிகளயும் கூட்டிட்டுப் போனோம். அங்க நான் கத்துக்கிட்டது, வாயால சொன்னது காத்தோட போகும், எழுதிக் கொடுத்து கூட்டப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லணும், ஏத்தினத வாசிக்கச் சொல்லணும், அப்புறம்தான் கையெழுத்துப் போடணும். எங்கள்ல பாதிப் பேர் வெத்துப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பப் பாத்தாங்க, நிறுத்தி வச்சோம்.

மீன் விக்கிற அக்காமாருல பல பேருக்கு எங்க வார்டுல ஓட்டு கிடையாது, கடற்கரை ஊர்க்காரங்க. அதனால "அவிய நம்ம வார்டு இல்லியே"ன்னு ஒரு பேச்சு அங்க வந்துது. இதுக்குத்தான் தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 கைகொடுத்துது. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு ஊருக்கும் நகர விற்பனைக் குழு இருக்கணும், அதுல 40 சதவீதம் பேர் வியாபாரிங்களே தேர்ந்தெடுத்த வியாபாரிங்களா இருக்கணும், அவங்கள்ல மூணில ஒரு பங்கு பொம்பளைங்க. சர்வே எடுத்து அடையாள அட்டை கொடுக்கணும், இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். 50 வருஷத்துக்கு மேல வியாபாரம் நடக்கிற இயற்கைச் சந்தைய, அதாவது வாங்குறவங்களும் விக்கிறவங்களும் தானா கூடிப் பழகின இடத்த, பாரம்பரியச் சந்தையா அறிவிக்கணும், அங்க உள்ளவங்கள இடம் மாத்தக் கூடாதுன்னும் அதோட அட்டவணையில இருக்கு. நம்ம மாவட்டத்துல பல சந்தை திருவிதாங்கூர் காலத்துலேருந்து நடக்குது, 1956ல நாம தமிழ்நாட்டோட சேர்றதுக்கும் முன்னால உள்ளது. அத நிரூபிக்கப் பழைய குத்தகை ரசீது, பழைய ஏல நோட்டீஸ், பழைய பத்திரத்துல எல்லை சொல்ற இடத்துல "சந்தைக்கு மேற்கு"ன்னு எழுதியிருக்கிறது, இப்படி எது கிடைச்சாலும் சேத்து வைங்க. என் கடைக்கு வந்த ஒரு பழைய பத்திரத்துல அப்படி ஒரு வரி இருந்துது, அந்த வீட்டுக்காரர்கிட்ட கேட்டு ஒரு நகல் எடுத்து மனுவோட சேத்தோம்.

ஆனா சட்டத்த விட பெரிய வேலை லிஸ்ட் எடுக்கிறதுதான். யாரு யாரு இங்க வியாபாரி? ஆபீஸ்ல லிஸ்ட் கிடையாது, குத்தகைக்காரர்கிட்டயும் கிடையாது, அவர் அன்னன்னைக்கு காசு வாங்கிட்டு துண்டுச் சீட்டு கொடுப்பார், அது சாயங்காலத்துக்குள்ள மீன் தண்ணியில நனைஞ்சு போயிரும். கட்டடம் முடிஞ்ச பிறகு இடம் ஒதுக்கும்போது திடீர்னு நூறு புது வியாபாரி முளைப்பாங்க, உண்மையான ஆள் வெளிய நிப்பா. அதனால நாங்க ரெண்டு மூணு சந்தை நாள்ல ஒவ்வொருத்தரயும் அவங்க உக்காந்திருக்கிற இடத்துலயே போட்டோ எடுத்து, பேரு, ஊர், என்ன விக்கிறாங்க, எந்த நாள் வர்றாங்கன்னு ஒரு பட்டியல் தயார் பண்ணி, செயல் அலுவலர்கிட்ட கொடுத்து ஒப்புகை சீல் வாங்கி வச்சோம். சில பேர் பயந்தாங்க, எதுக்கு போட்டோ, வரி போடுவாங்களோன்னு. அவங்கள வற்புறுத்தல, மத்தவங்களப் பாத்துட்டு அவங்களே பின்னால வந்தாங்க. இடிக்கப் போற எந்த ஊர் சந்தையா இருந்தாலும் இந்த ஒரு வேலைய மட்டும் தள்ளிப் போடாதீங்க.

என்ன கிடைச்சுது? மேடை உசரம் குறைஞ்சுது. நடுவழி அகலமாச்சு, எட்டு அடி கேட்டோம், ஏழு தந்தாங்க. கக்கூஸ் இடம் மாறுச்சு. காய்கறி கீழேயே இருக்கும்னு தீர்மானத்துலயே எழுதுனாங்க. பேரூராட்சி இன்ஜினியர் ஒரு நாள் காலையில ஆறு மணிக்கே சந்தைக்கு வந்து நின்னு பாத்தார், அதுக்கு அவர மனசாரப் பாராட்டணும், யாரும் சொல்லாமலேயே ஐஸ் உருகுற தண்ணி போறதுக்கு மேடையிலயே சரிவு வேணும்னு அவரே குறிச்சுக்கிட்டார். கிடைக்காதது, மேல கட்டுற கடைகளோட டெபாசிட். சாதாரண ஆள் நெருங்க முடியாத தொகை, அதுல எங்களால ஒண்ணும் செய்ய முடியல. தற்காலிக இடமும் சரியா அமையல, தார்ப்பாய் கட்டின இடம், மழையில வியாபாரம் படுத்துட்டு, ரெண்டு அக்காமார் வர்றதயே நிறுத்திட்டாங்க. டிராயிங்ல காட்டுன அக்கறைய இடைக்கால இடத்துலயும் காட்டியிருக்கணும், அதுக்கும் தண்ணி, கூரை, கக்கூஸ்னு தனி மதிப்பீடு கேளுங்க.

இதோட சம்பந்தப்பட்ட இன்னொண்ணு. திட்ட அனுமதி விஷயத்துல இப்போ நிறைய மாறியிருக்கு. 2024 ஜூலைலேருந்து 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3,500 சதுர அடிக்குள்ள தரைத்தளமோ தரையும் ஒரு மாடியுமோ வீடு கட்டுறவங்க சுயசான்று அடிப்படையில ஆன்லைன்லயே உடனடி அனுமதி வாங்கிக்கலாம். என் கடைக்கு வாரத்துக்கு நாலு பேராவது இதுக்கு ஸ்கேன் பண்ண வர்றாங்க. ஏழை பாழைக்கு இது பெரிய உதவி, யார் கையயும் பிடிக்க வேண்டாம். ஆனா சுயசான்றுன்னா பொறுப்பு நம்ம தலையில, தப்பான தகவல்னா அனுமதி ரத்தாகும். நம்ம மாவட்டத்துல வயல் ஏலாவும் சானல்னு நாங்க சொல்ற பாசனக் கால்வாய்க் கரையும் குளத்துப் புறம்போக்கும் வீட்டு மனையோட பின்னிக் கெடக்கு, மேற்கு மலையோரம் பல கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லையில வருது, கடலோரத்துல கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் இருக்கு, இந்த ரெண்டு எல்லையிலயும் கட்டடத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பத்திரத்துல பத்தடி வழி, தரையில ஆறடி வழின்னு உள்ள மனை எத்தனையோ. அதனால அப்லோட் பண்றதுக்கு முன்னாடி புலப்படத்த (சர்வே நம்பரோட அளவு வரைபடம்) எடுத்து சர்வேயர வச்சு ஒரு தடவை அளந்துருங்க. அனுமதி ஒரு நாள்ல கிடைச்சாலும் அளக்கிறதுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்க.

மாஸ்டர் பிளானும், அதாவது ஊர்ல எந்த நிலத்த எதுக்குப் பயன்படுத்தலாம்னு சொல்ற திட்டமும், அதே மாதிரிதான். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ன் 26ஆம் பிரிவுப்படி வரைவுத் திட்டம் வந்தா ஆட்சேபம், யோசனை சொல்றதுக்கு ரெண்டு மாசத்துக்குக் குறையாம அவகாசம் தரணும். நாகர்கோவில் மாதிரி அம்ருத்ங்கிற மத்திய அரசுத் திட்டத்துல உள்ள நகரங்களுக்கு இப்போ ஜிஐஎஸ்ங்கிற கம்ப்யூட்டர் மேப்ப வச்சுதான் மாஸ்டர் பிளான் போடணும், அதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு கலர் விழும், குடியிருப்பா, விவசாயமா, வணிகமா, ரோடான்னு. அந்த ரெண்டு மாசத்துல நம்ம நம்பர் எந்தக் கலர்ல விழுந்திருக்குன்னு பாக்காம விட்டுட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு மகளுக்கு வீடு கட்டப் போகும்போது கண்டுபிடிச்சா நில உபயோக மாற்றத்துக்கு அலையணும், பத்திரிகையில விளம்பரம் கொடுக்கணும், பணம் கட்டணும். நம்ம மனைய மட்டும் பாத்தா போதாது, பக்கத்துல உள்ள குளமும் ஓடையும் மேப்புல இருக்கான்னும் பாருங்க. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ரெண்டும் 2022ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல வந்தாச்சு, உலகமே பாக்குது. பேரு இல்லாத சின்னக் குளத்த யாரு பாப்பா, அந்தக் கரையில குடியிருக்கிற நாமதான் பாக்கணும்.

எங்க சந்தையில இன்னும் முடியாதது ஒண்ணு இருக்கு. மீன் கழுவுற தண்ணி புதுக் கட்டடத்துலயும் நேரா பின்னால உள்ள சானல்லதான் விழுற மாதிரி டிராயிங் இருக்கு. பேச்சிப்பாறை தண்ணி வர்ற சானல், கீழ வாழைக்கும் போகுது, பிள்ளைங்க குளிக்கவும் செய்யுது. சுத்திகரிக்கத் தொட்டி வேணும்னு எழுதிக் கொடுத்தோம், இடம் இல்ல, மதிப்பீடு தாண்டும்னு பதில் வந்துருக்கு. அடுத்த பகுதி சபாவுல திரும்பவும் வைக்கப் போறோம். நாலஞ்சு சென்டுக்குள்ள அடங்குற மாதிரி மீன் சந்தைக் கழிவுத் தண்ணித் தொட்டி கட்டி நல்லபடியா ஓடிட்டு இருக்கிற ஊர் ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அதோட அளவும் செலவும் எழுதுங்க. வெறும் போட்டோ போதாது, அளவு வேணும்.